பல்லி, கெவுளி, ஓணான், உடும்பு: நம் பக்கம் எதற்கு என்ன பெயர்?

லயத்துக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவின் பீடோங்கிலிருந்து எழுதுகிறேன்.

போன வாரம் பெற்றோர் வாட்சாப் குழுவில் ஓர் அறிவிப்பு: "நாளை பல்லிக்கு விடுமுறை." அவசரத்தில் ளகரம் வழுக்கிவிட்டது, அவ்வளவுதான். நம் ஆட்கள் விடுவார்களா? "சுவரில் இருப்பதற்கு மட்டுமா, கூரையில் இருப்பதற்கும் சேர்த்தா?" என்று ஒருவர். "உடும்புக்கு அரை நாளாவது கொடுங்கள்" என்று இன்னொருவர். சிரிப்பு அடங்குவதற்குள் சண்டை வந்துவிட்டது. கெவுளி என்றால் வீட்டுப் பல்லிதான் என்றார் ஒருவர். இல்லவே இல்லை, ராத்திரியில் "டோக்கே, டோக்கே" என்று கத்துமே, அந்தப் பெரியதுதான் கெவுளி என்றார் அடுத்தவர். மூன்றாமவர் வந்து, அது பல்லியே இல்லை, வெற்றிலைக் கட்டு என்றார். அதோடு அட்மின் குழுவுக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்.

எனக்கு இது நிஜமாகவே தெரிய வேண்டும். அம்மா தோட்டத்தில் ரப்பர் பால்வெட்டு வேலை செய்தவர். அவருக்கு வேலியில் இருப்பது ஓணான், குப்பைமேட்டில் நெளிவது அரணை, சுவரில் இருப்பது பல்லி, அதே பல்லி சத்தம் போட்டால் கெவுளி. என் மகளுக்கு எல்லாமே சிச்சாக், பல்லிக்கு மலாய்ப் பெயர். கொஞ்சம் பெரிதாக இருந்தால் பெரிய சிச்சாக். உங்கள் தோட்டத்தில் எதை எப்படிச் சொன்னார்கள்? அகராதியைப் பார்த்து எழுத வேண்டாம், அது என் வீட்டிலும் இருக்கிறது.


செம்பனை மண்டோர்

வீட்டுப் பல்லி சத்தம் போட்டால் கெவுளி. டோக்கே என்றால் டோக்கே. இதில் சண்டை போட என்ன இருக்கிறது?

உடும்பைப் பற்றி ராத்திரி எழுதுகிறேன். இப்போது பிரட்டுக்கு, அதாவது ஆள் கூப்பிட்டு வேலை பிரிக்க, நேரமாகிவிட்டது.


மதுரை மருமகள்

நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவள். எங்கள் பக்கமும் "கவுளி அடிக்குது" என்றுதான் சொல்வார்கள். பாட்டி வாசலில் செருப்பை மாட்டும்போது சத்தம் கேட்டால், முதலில் எந்தத் திசை என்று பார்ப்பார். அப்புறம்தான் கிளம்புவதா, திண்ணையில் கொஞ்ச நேரம் உட்காருவதா என்று முடிவு. பஞ்சாங்கத்தில் பல்லி சொல்லும் பலன் வேறு, பல்லி விழும் பலன் வேறு. முன்னது திசைக்கு, பின்னது உடம்பில் விழுந்த இடத்துக்கு. தலையில் விழுந்தால் கலகம் என்று போட்டிருக்கும்.

விழுந்த தோஷத்துக்குப் பரிகாரமும் உண்டு. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியும் வெள்ளிப் பல்லியும் இருக்கின்றன. மேல்கூரையில் பதித்திருப்பார்கள், எட்டித் தொட வேண்டும். கௌதம முனிவரின் சீடர்கள் இருவர், கொண்டுவந்த தீர்த்தத்தில் பல்லி கிடந்ததைக் கவனிக்காமல் விட்டதால் பல்லியாகப் போகச் சாபம் வாங்கினார்கள் என்பது கதை. அங்கே போய்த் தொட்டுவிட்டு வந்தவரின் காலைத் தொட்டுக் கும்பிட்டால் நமக்கும் தோஷம் போய்விடும் என்பார்கள். டிக்கெட் செலவு மிச்சம்.

இங்கே எங்கள் சமையலறையில் பல்லி விழாத வாரமே கிடையாது. எல்லாப் பலனையும் நம்பினால் வீட்டில் தினமும் கலகம்தான். வீட்டுக்காரரைக் கேட்டால், "பல்லி விழாத நாளில் மட்டும் என்ன வாழுதாம்?" என்கிறார்.


பாகான் டத்தோ ராவ்

எங்கள் வீட்டில் தெலுங்கு. தெலுங்கிலும் பல்லிதான், முதல் எழுத்தை மட்டும் அழுத்திச் சொல்வோம். சத்தம் போட்டால் நாங்கள் திசை எல்லாம் பார்ப்பதில்லை. விரலை மடக்கிப் பலகையில் தட்டிக்கொண்டே "கிருஷ்ணா, கிருஷ்ணா" என்போம். ஏன் என்று கேட்டால் பெரியவர்கள் இன்னும் இரண்டு தட்டுத் தட்டுவார்களே தவிர பதில் வராது.

பேச்சு நடுவில் பல்லி சொன்னால், கடைசியாகப் பேசியவர் சொன்னது பலிக்கும் என்பார்கள். அதனால் கல்யாணப் பேச்சில் மாப்பிள்ளை வீட்டார் ஒரு கண்ணைச் சுவரிலேயே வைத்திருப்பார்கள்.


சோதனைக்கூடத்தான்

எல்லாரும் சாஸ்திரம் பேசியாகிவிட்டது. நான் பள்ளி ஆய்வகத்தில் உதவியாளர், அந்தப் பக்கத்தையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

நம் வீட்டுச் சுவரில் இருப்பது பெரும்பாலும் ஹெமிடாக்டைலஸ் ஃபிரெனேட்டஸ் என்ற இனம். அந்தச் "சிக் சிக் சிக்" அநேகமாக ஆண் பல்லியுடையது. ஒன்று, "இந்த டியூப்லைட் என்னுடையது, கிட்ட வராதே" என்று இன்னொரு ஆணுக்குச் சொல்கிறது. இல்லையென்றால் பெண்ணைக் கூப்பிடுகிறது. உங்கள் வீட்டுச் சம்பந்தப் பேச்சுக்கும் அதற்கும் தொடர்பில்லை, ராவ் அண்ணே. அதற்கு அதன் சம்பந்தமே பெரிய பாடு.

இன்னொன்று. உங்கள் வீட்டுப் பல்லி கண் சிமிட்டிப் பார்த்திருக்கிறீர்களா? சிமிட்டாது. அதற்கு இமை கிடையாது, கண்மேல் கண்ணாடி மாதிரி ஒரு செதில்தான். தூசி விழுந்தால் நாக்கை நீட்டிக் கண்ணையே நக்கித் துடைத்துக்கொள்ளும். இன்றைக்கு ராத்திரி விளக்கடியில் நின்று கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள்.


ஓய்வுபெற்ற ஆசிரியை

சோதனைக்கூடத் தம்பி சொன்னதை நம் புலவர் ஒருவர் எப்போதோ சொல்லிவிட்டார்.

குறுந்தொகையில் 16ஆம் பாட்டு. பாலை பாடிய பெருங்கடுங்கோ எழுதியது. தலைவன் கள்ளிக்காட்டு வழியாகப் பொருள் தேடப் போயிருக்கிறான். நம்மை நினைக்க மாட்டாரா என்று தலைவி கேட்கிறாள். அந்தக் காட்டில் "செங்கால் பல்லி தன் துணை பயிரும்" என்கிறது பாட்டு. சிவந்த காலுடைய பல்லி தன் துணையைக் கூப்பிடுகிறது. அந்த ஓசை எப்படி இருக்கிறதாம்? வழிப்பறிக் கள்ளர்கள் அம்பின் இரும்பு முனையைச் சரிபார்க்க நகத்தால் புரட்டிப் பார்க்கும் ஓசை போல. உங்கள் நகத்தை ஒரு கத்தி விளிம்பில் மெல்லத் தட்டிப் பாருங்கள், அதே "டிக் டிக்".

துணையைக் கூப்பிடுகிறது என்பதும் அதில் இருக்கிறது, ஆளைக் கொல்லும் ஆயுதத்தின் சத்தமும் அதில் இருக்கிறது. பொருள் தேடப் போனவனுக்கு இரண்டும் ஒன்றாகக் காதில் விழும். எனக்கு இந்தப் பாட்டு மிகவும் பிடிக்கும்.

சகுனம் பார்ப்பதும் அந்தக் காலத்திலேயே உண்டு. பிரிந்தவனை எண்ணி வீட்டில் வருந்திக் கிடப்பவளை "நெடுஞ்சுவர்ப் பல்லியும் பாங்கில் தேற்றும்" என்று அகநானூற்றில் வரும். ஆறுதல் சொல்ல ஆளில்லாத வீட்டில் சுவரில் இருக்கும் பல்லி ஆறுதல் சொல்கிறது. ஆகவே சாஸ்திரக் கட்சியும் விஞ்ஞானக் கட்சியும் சண்டை போட வேண்டாம், இரண்டுக்கும் என்னிடம் பாட்டு இருக்கிறது.

வெற்றிலைக் கட்டு என்று சொன்னவரும் தப்பாகச் சொல்லவில்லை. நூறு வெற்றிலை கொண்ட கட்டு ஒரு கவுளி. தாம்பூலத்துக்கு எத்தனை கவுளி வாங்க வேண்டும் என்றுதான் கல்யாண வீடுகளில் கணக்குப் போடுவார்கள். பல்லிக்கும் வெற்றிலைக்கும் ஒரே சொல் எப்படி வந்தது என்று என்னைக் கேட்காதீர்கள்.

இன்னொரு பல்லியும் உண்டு. அது பிராணி இல்லை, உழவுக் கருவி. புறநானூறு 120இல் கபிலர் பாரியின் பறம்பு நாட்டுப் புன்செய் உழவைச் சொல்லும்போது "பல்லி ஆடிய" என்கிறார். நெருங்கி முளைத்த பயிரை விலக்கிவிடவும் களை எடுக்கத் தோதாகவும் பல் வைத்த கருவியால் மேலாகக் கீறிவிடுவது. முதல் தடவை பாடம் நடத்தியபோது வகுப்பில் ஒரு பையன், "டீச்சர், வயலில் பல்லி டான்ஸ் ஆடுமா?" என்று கேட்டான். அவன் இப்போது டிராக்டர் ஓட்டுகிறான் என்று கேள்வி.


லயத்துக்காரன்

டீச்சர், அகராதி வேண்டாம் என்றால் அகநானூற்றையே கொண்டுவந்துவிட்டீர்கள். நன்றி.


கிராணி வீட்டுப் பிள்ளை

அப்பா தோட்டத்து ஆபீஸில் கிராணி, அதாவது கிளார்க். வீட்டில் மலையாளம். அந்த "பல்லிக்கு விடுமுறை" எங்கள் வீட்டில் இன்னும் பெரிய கூத்தாகியிருக்கும். மலையாளத்தில் பல்லி என்றால் பல்லி, பள்ளி என்றால் மாதா கோயில் அல்லது பள்ளிவாசல். ளகரம் வழுக்கினால் சாமி குற்றம்.

கௌளி எங்களுக்கும் வீட்டுப் பல்லிதான். ஆனால் கௌளித் தெங்கு என்று ஒரு தென்னையும் உண்டு, செவ்விளநீர்க் காய். அது வேறு கதை.

ஓணானை நாங்கள் ஓந்து என்போம். தமிழில் அந்தச் சொல் போய்விட்டதா, டீச்சர்?


ஓய்வுபெற்ற ஆசிரியை

போகவில்லை தம்பி. பச்சோந்தி என்று சொல்லும்போது பின்பாதியில் இருப்பது அந்த ஓந்திதான். பச்சை ஓந்தி. சங்கப் பாட்டில் ஓதி, ஓந்தி இரண்டும் வரும். "வேதின வெரிநின் ஓதி முதுபோத்து" என்று குறுந்தொகை 140. வேதினம் என்றால் பல் வைத்த கருக்கரிவாள். அந்தப் பல் வரிசை போல முதுகு உள்ள கிழட்டு ஓணான். ஓணானின் முதுகெலும்பு முள்ளை ஒருமுறை கிட்ட நின்று பார்த்தவர்தான் இப்படி எழுத முடியும். அந்த வழியே போகிறவர்கள் அதை வைத்துச் சகுனமும் பார்க்கிறார்கள்.


எஸ்பிஎம் பையன்

பச்சோந்தி பற்றி ஒரு சந்தேகம். நம் நாட்டுக் காட்டில் பச்சோந்தியே இல்லை என்று எங்கள் சார் சொன்னார். அப்படியானால் என் பாட்டி செம்பருத்தி வேலியில் காட்டியது என்ன?


சோதனைக்கூடத்தான்

உங்கள் சார் சொன்னது சரி. இரண்டு கண்ணையும் தனித்தனியே சுழற்றி, நாக்கைச் சரேலென்று நீட்டிப் பூச்சி பிடிக்கிற அசல் பச்சோந்தி மலேசியக் காடுகளில் கிடையாது. தென்னிந்தியாவில் உண்டு. இங்கே வந்த நம் முன்னோர், நிறம் மாறுகிற ஓணானைப் பார்த்ததும் ஊரில் தெரிந்த பெயரை அதற்கே வைத்துவிட்டார்கள்.

பாட்டி காட்டியது முழுப் பச்சையாக, வால் மட்டும் உடம்பைப் போல இரண்டு மூன்று மடங்கு நீளமாக இருந்ததா? அது இந்த மண்ணின் பச்சை ஓணான். பயந்தால் கருப்புக்கலந்த பழுப்பாகிவிடும். சாம்பல் பழுப்பாக இருந்து, இணைசேரும் பருவத்தில் தலையும் தொண்டையும் மட்டும் சிவந்தால் அது வேறு, நம் ஊர் வேலி ஓணானேதான். இந்தியாவில் இருப்பதும் அதே இனம். அந்தச் சிவப்பைப் பார்த்துத்தான் "நம்மை முறைத்துப் பார்த்தே ரத்தத்தை உறிஞ்சும்" என்ற கதை. உறிஞ்சாது. எறும்பும் வெட்டுக்கிளியும் தின்னும்.


எஸ்பிஎம் பையன்

நன்றி அண்ணே. மலாயில் இதற்கு சும்பா-சும்பா. சும்பா என்றால் சத்தியம், சாபம் இரண்டும். காஞ்சிபுரத்தில் சாபம் வாங்கிப் பல்லியானார்கள், இங்கே பெயரே சாபம். பாவம் இந்த ஜென்மம்.

இன்னொரு ஒற்றுமை. "வேலியில் போற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டு குத்துதே குடையுதே என்றானாம்" என்று தாத்தா அடிக்கடி சொல்வார். மலாய்ப் பாடத்தில் "மெண்டுகோங் பியாவாக் ஹிடுப்" வந்தது. உயிருள்ள உடும்பைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்வது. வேண்டாத தொல்லையைத் தானே இழுத்துப் போட்டுக்கொள்வது. பரீட்சையில் தாத்தா ஞாபகம் வந்துதான் சரியாக எழுதினேன்.


செம்பனை மண்டோர்

வந்துவிட்டேன். உடும்பு.

எங்கள் செம்பனை (எண்ணெய்ப்பனை) காட்டில் பாரிட் (வடிகால்) ஓரமாகத் தினமும் பார்க்கலாம். பெரும்பாலும் நீர் உடும்பு, மலாய்க்காரர் பியாவாக் ஆயர் என்பார்கள். இரண்டு மீட்டருக்கு மேலும் வளரும். எலி, நண்டு, தவளை, செத்த நாய், எதையும் விடாது. உதிரிப் பழம் தின்ன எலி வரும், எலி தின்ன ஆந்தை வரும். ஆந்தைக்குத் தோட்டமே கூண்டு கட்டிக் கொடுக்கிறது. உடும்புக்கு யாரும் ஒன்றும் கட்டிக் கொடுப்பதில்லை, அது பாட்டுக்கு வேலை செய்கிறது.

கோழி வளர்க்கிறவர்களுக்கு மட்டும் அது எதிரி. எங்கள் கோழிக் கூட்டுக்குள் ஒன்று புகுந்துகொண்டது. வாலைச் சுழற்றி அடித்தால் தோல் பிய்ந்துவிடும், அதனால் யாரும் கிட்டப் போகவில்லை. கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றோம். நாக்கை நீட்டி நீட்டி, இரண்டாகப் பிளந்த நுனியால் காற்றைத் தடவிக்கொண்டு, எங்களை ஆபீசர் மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போனது. முட்டை ஒன்றும் மிஞ்சவில்லை.

உடும்புப் பிடி என்கிறார்களே, அது உண்மை. நகத்தைப் பதித்துவிட்டால் லேசில் விடாது. அந்தக் காலத்தில் இடுப்பில் கயிறு கட்டிக் கோட்டைச் சுவரில் ஏற்றி, பின்னாலேயே கள்ளன் ஏறுவான் என்று கதை. ஆள் கனத்தைத் தாங்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

கறி பற்றி யாராவது கேட்பார்கள் என்று தெரியும். முன்பு சாப்பிட்டார்கள், மூட்டு வலிக்கு உடும்பு எண்ணெய் என்று தேய்த்தார்கள். இப்போது 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. உரிமம் இல்லாமல் பிடித்தால் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான்காரர் வந்து நிற்பார். கேட்காதீர்கள்.


பாகான் டத்தோ ராவ்

எங்கள் பஜனைக் குழுவில் ஒரு பழைய கஞ்சிரா இருக்கிறது, உடும்புத் தோல். அந்தக் கும்காரம் ஆட்டுத்தோலில் வராது என்பார் வாசிக்கிறவர். வாசிக்கும் முன் தோலில் தண்ணீர் தடவிப் பதம் பார்த்து, விரலால் தட்டித் தட்டிச் சுருதி இறக்குவார். இந்தியாவில் 1972 சட்டத்தில் உடும்புக்குப் பாதுகாப்பு இருப்பதால் இப்போது கடைகளில் ஆட்டுத்தோலும் செயற்கைத் தோலும்தான். இது எப்போதோ வந்த சாமான், கிழியாத வரை ஓடும்.


டோக்கேயில் ஏமாந்த குடும்பம்

எல்லாரும் சிரித்துப் பேசுகிறீர்கள். டோக்கே என்ற பேரைக் கேட்டாலே எங்கள் வீட்டில் மாமி எழுந்து போய்விடுவார்.

2010, 2011 வாக்கில் வடக்கே நம் ஆட்களுக்குப் பிடித்த பைத்தியம் ஞாபகம் இருக்கிறதா? டோக்கேயிலிருந்து எய்ட்ஸ் நோய்க்கு மருந்து எடுக்கிறார்கள், வெளிநாட்டுக்காரன் லட்சக்கணக்கில் கொடுப்பான் என்று ஒரு பேச்சு. யார் முதலில் சொன்னது என்று தெரியாது. மாலை ஆனால் போதும், தலைவிளக்கு மாட்டிக்கொண்டு பழைய லயத்து வரிசை வீட்டுக் கூரை, ஸ்டோர், ரப்பர் கொட்டகை, கோயில் மண்டபம் என்று கூட்டம் கூட்டமாகத் தேடல். பால்வெட்டுக்குத் தலைவிளக்கு மாட்டின காலம் போய் இதற்கு மாட்டினார்கள்.

விலை எல்லாம் எடைக்கு. 300 கிராமுக்கு ஒரு விலை, 400 கிராமுக்குக் கேட்டால் மயக்கம் வரும் விலை. சாதாரணமாக ஒரு டோக்கே அந்த எடையில் பாதிகூட இருக்காது. அதனால் பிடித்ததை விற்காமல், கூண்டில் வைத்து வெட்டுக்கிளி, எலிக்குஞ்சு என்று ஊட்டி வளர்த்தார்கள். மாமா மோட்டார்சைக்கிளை விற்று, பாதி வளர்ந்த ஒன்றை வாங்கினார். சமையலறைத் தராசு அதற்கே ஒதுக்கப்பட்டது. மாமி மிளகாய்த்தூள் நிறுக்கப் போனால், "தராசில் கை வைக்காதே, அளவு மாறிவிடும்" என்பார்.

அழகான பிராணி, அதை மறுக்க முடியாது. நீலச் சாம்பல் உடம்பில் ஆரஞ்சுப் புள்ளிகள், மஞ்சள் கண், தோல் தொட்டால் சொரசொரவென்று. வாயைத் திறந்தால் உள்ளே கருஞ்சிவப்பு. ஒருநாள் மாமாவின் கட்டைவிரலைக் கவ்வியது. கடித்துவிட்டு விடுகிற பழக்கம் அதற்கு இல்லை. தொங்கிக்கொண்டே இருந்தது. தண்ணீருக்குள் கையை அமுக்கி வைத்த பிறகுதான் விட்டது.

வாங்க வருகிறேன் என்ற தரகர் முதலில் முன்பணம் கேட்டார், "பேப்பர் வேலைக்கு" என்று. கொடுத்தார்கள். அப்புறம் போன் எடுக்கவில்லை. அந்த வருஷமே பிலிப்பைன்ஸ் சுகாதாரத் துறை, டோக்கேக்கு எய்ட்ஸைக் குணப்படுத்தும் சக்தி இருப்பதாக எந்த ஆதாரமும் இல்லை என்று எச்சரித்தது. இங்கே யார் படித்தார்கள்? கடைசியில் மாமி ஒருநாள் கூண்டைத் திறந்துவிட்டுவிட்டார். மாமா கேட்டதற்கு, "வாடகை கொடுக்காமல் எத்தனை நாள் வைத்திருப்பது?" என்றார்.


சோதனைக்கூடத்தான்

வருத்தமாக இருக்கிறது. இந்தப் பேச்சால் அழிந்த டோக்கேக்களும் ஏராளம். 2013இல் வனவிலங்கு வணிகத்தைக் கண்காணிக்கும் டிராஃபிக் அமைப்பு இதைப் பற்றி, தீபகற்ப மலேசியாவில் நடந்ததை முக்கிய உதாரணமாக வைத்தே ஓர் அறிக்கை வெளியிட்டது. 2019இல் டோக்கேயை, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்த்தார்கள். அனுமதி இல்லாமல் நாடு விட்டு நாடு கொண்டுபோகக் கூடாது.

மருந்து இல்லையே தவிர, டோக்கேயின் காலில் உண்மையான அதிசயம் இருக்கிறது. ஒரு காலடியில் கிட்டத்தட்ட 5 லட்சம் நுண்ணிய மயிரிழைகள். ஒவ்வொன்றின் நுனியும் மேலும் நூற்றுக்கணக்கில் பிரியும். பசை கிடையாது, உறிஞ்சும் குழியும் கிடையாது. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஆய்வாளர்கள் டோக்கேயின் ஒரே ஒரு மயிரிழையைப் பிரித்தெடுத்து அதன் ஒட்டும் விசையை அளந்தார்கள். மூலக்கூறுகள் மிக நெருங்கும்போது ஒன்றை ஒன்று இழுக்கும் வான்டெர்வால்ஸ் விசைதான் காரணம் என்று பிற்பாடு உறுதியானது. விரலை நுனியிலிருந்து மேல்நோக்கிச் சுருட்டினால் பிடி விட்டுவிடும். பல்லி ஓடும்போது ஒவ்வோர் அடிக்கும் இதைச் செய்கிறது.


கிராணி வீட்டுப் பிள்ளை

நேற்று பக்கத்து வீட்டில் ஓர் அரணையை அடித்துக் கொன்றுவிட்டார்கள். கேட்டால் "அரணை கடித்தால் மரணம்" என்கிறார்கள். எங்கள் பாஷையிலும் அதே பழமொழி உண்டு. ஆனால் கூடவே இன்னொன்றும் உண்டு: அரணபுத்தி. கடிக்க வந்த அரணை, வந்த விஷயத்தை மறந்துவிட்டுத் திரும்பிப் போய்விடுமாம். அதனால்தான் இத்தனை பேர் பிழைத்திருக்கிறோம் என்பார் பாட்டி.


சோதனைக்கூடத்தான்

அதற்கு விஷமே இல்லை. பளபளவென்று வெண்கல நிறத்தில், காலைச் சிறிதாக்கிய பாம்பு மாதிரி இருப்பதால் வந்த பழி. மலாயில் மெங்காருங். நம் தோட்டங்களில் அதிகம் காணும் இனம் முட்டை இடாது, குட்டி போடும். கரப்பானும் புழுவும் தின்னும். வாலைப் பிடித்தால் வாலை விட்டுவிட்டு ஓடும். பல்லியும் அப்படித்தான், துண்டான வால் தனியே துடிக்கும், பூனை அதையே பார்த்துக்கொண்டிருக்கும், ஆள் தப்பித்துவிடும். வால் திரும்ப முளைக்கும், ஆனால் உள்ளே எலும்புக்குப் பதில் குருத்தெலும்பு.

சோற்றுப் பானையில் பல்லி விழுந்தால் விஷம் என்பதும் அப்படித்தான். விஷம் இல்லை. ஆனால் அதன் எச்சத்தில் சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும், ஆகவே சோற்றைக் கொட்டிவிடுங்கள். ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் துள்ளி விழுந்த கதை உங்களுக்குத் தெரிந்ததுதான்.


லயத்துக்காரன்

யாரும் பறக்கும் ஓணானைச் சொல்லவில்லையே. அம்மா சொல்லக் கேட்டு நான் போய்ப் பார்த்தது. வெட்டு முடிந்து மங்கில் (பால் கோப்பையில்) பால் இறங்கும்வரை மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில்தான் அது தெரியும். மரப்பட்டையோடு பட்டையாக ஒட்டிக்கொண்டிருக்கும். ஆண் தொண்டைக்கடியில் ஒரு மஞ்சள் கொடியைச் சட்டென்று நீட்டும், மடக்கும், நீட்டும், மடக்கும். அப்புறம் விலா எலும்பை விரித்து, தோலை விசிறியாக்கி அடுத்த நிரைக்குப் பாயும். அதைப் பறத்தல் என்று சொல்லக் கூடாது, சறுக்கல்தான். மலாயில் இதற்கும் சிச்சாக் என்றுதான் பெயர் தொடங்கும், சிச்சாக் குபின். இதில் மட்டும் மகள் ஜெயித்துவிட்டாள்.

முட்டை இட மட்டும் பெண் தரைக்கு இறங்கி மண்ணில் குழி பறிக்கும். ரப்பரை வெட்டிச் செம்பனை வைத்த பிறகு எங்கள் பக்கம் நான் பார்க்கவில்லை. மண்டோர் அண்ணே, உங்கள் பக்கம் உண்டா?


செம்பனை மண்டோர்

செம்பனையில் பார்த்ததில்லை. கம்பத்தில், அதாவது கிராமத்தில், துரியான் தோப்பில் உண்டு.


எஸ்பிஎம் பையன்

ஆளுக்கு வைக்கிற பெயர்களையும் சேர்த்துக்கொள்ளலாமா? ஒல்லியாக இருப்பதால் என்னை வகுப்பில் பல்லி என்கிறார்கள். இரண்டு பக்கமும் பேசுகிறவனுக்கு மலாயில் லிடா பியாவாக், உடும்பு நாக்கு. மண்டோர் அண்ணன் சொன்ன அந்தப் பிளந்த நாக்குதான். கட்சி மாறுகிறவரைத் தமிழில் பச்சோந்தி என்போம், மலாயில் காத்தாக், தவளை. ஒன்று நிறம் மாறுகிறது, மற்றது தாவுகிறது. கட்சித் தாவல் தடைச் சட்டம் 2022 அக்டோபர் 5இல் நடப்புக்கு வந்தது. அது தாவலுக்கு மட்டும்தான், நிறம் மாறுவதற்கு இல்லை.


ஓய்வுபெற்ற ஆசிரியை

தம்பி, நீ எஸ்பிஎம் பரீட்சையில் தமிழ் இலக்கியம் எடுத்திருக்கிறாய்தானே? எடுக்கவில்லை என்றால் உன் அம்மாவிடம் நான் பேசுகிறேன்.


மதுரை மருமகள்

நடுவில் ஒரு உதவி. சாமி அறையில் பல்லி அதிகமாகிவிட்டது. அடிக்க மனம் வரவில்லை. முட்டை ஓடு வைத்தால் வராது என்றார்கள், சாமி அறையில் முட்டை ஓட்டை எப்படி வைப்பது? மாமியார் பசை அட்டை வாங்கிவந்து வைத்தார். இப்போது அதில் ஒரு குட்டிப் பல்லி ஒட்டிக்கொண்டு என்னையே பார்க்கிறது.


சோதனைக்கூடத்தான்

முட்டை ஓட்டின்மேல் ஏறி உட்கார்ந்த பல்லியை நான் பார்த்திருக்கிறேன். அதை விடுங்கள். பல்லி வருவது விளக்குக்கு வரும் பூச்சிக்கு. ராத்திரி சாமி அறையில் சின்ன விளக்கு மட்டும் போதும், ஜன்னலுக்கு வலை அடியுங்கள்.

ஒட்டியதை இழுக்காதீர்கள், கால் பிய்ந்துவிடும். சமையல் எண்ணெயை விரலால் தொட்டுப் பசைமேல் விட்டு, மெல்ல மெல்ல விலக்குங்கள். தலைப் பக்கம் கடைசியில், மூக்கில் எண்ணெய் போகக் கூடாது. வெளியே வந்ததும் உலர்ந்த துணியில் எண்ணெயை ஒற்றிவிட்டு நிழலில் விடுங்கள். பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.


மதுரை மருமகள்

என்ன எண்ணெய் அண்ணே? சாமி விளக்குக்கு வைத்த நல்லெண்ணெய்தான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.


செம்பனை மண்டோர்

நல்லெண்ணெய் என்ன விலை விற்கிறது! 2 வெள்ளி 50 காசு பாக்கெட் எண்ணெயே போதும் தங்கச்சி. அதுவும் நம் காட்டில் விளைந்ததுதான்.